சிறுமலர் காட்டிய சிறு வழி

1897ஆம் வருஷம், கோடை காலம். பிரான்ஸ் தேசத்தின் வடக்கே, நார்மண்டிப் பிரதேசத்தில் லிஸியே என்று ஒரு சிறு பட்டணம். அங்கே கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் 24 வயதே ஆன ஒரு சகோதரி நோயுற்றுப் படுத்திருந்தார். க்ஷயரோகம் நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது. இனி அதிக நாள் தாங்காது என்பது மடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சகோதரி காலமானால், மடத்துத் தலைவியார் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி, மற்ற மடங்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பார். அதை நினைத்துக்கொண்டுதான் ஒரு சகோதரி, நோயாளியின் காதில் விழும் என்று தெரியாமல், இன்னொருவரிடம் கவலைப்பட்டார். பாவம், நம் தலைவியார் இந்தப் பெண்ணைப் பற்றி என்னத்தை எழுதப் போகிறார்! நல்ல பெண்தான், ஆனால் எழுதும்படியாக ஒன்றும் செய்துவிடவில்லையே என்று!

சொன்ன சகோதரியின் மேல் குற்றமில்லை. நோயில் கிடந்த சகோதரி மருத்துவமனை கட்டவில்லை, தூர தேசம் போய் மதப் பிரசாரம் செய்யவில்லை, அற்புதங்கள் நிகழ்த்தவில்லை. 15வது வயதில் மடத்துக்குள் நுழைந்தார், துணி துவைத்தார், தரை பெருக்கினார், ஜெபம் செய்தார், அவ்வளவுதான். அப்படியிருந்தும் 28 வருஷங்களுக்குப் பிறகு, 1925 மே மாதம் 17ஆம் தேதி, ரோமாபுரியில் போப்பரசர் பதினோராம் பயஸ் அவரைப் புனிதை என்று உலகுக்கு அறிவித்தார். அவர்தான் லிஸியே நகரத்துத் தெரேஸ். தம்மை ஒரு சிறு வெண்மலர் என்று அவர் சொல்லிக்கொண்டதால், 'சிறுமலர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நமது ஊர்களில் 'லிட்டில் ஃபிளவர்' என்றும் 'சிறுமலர்' என்றும் பெயர்ப்பலகை தாங்கிய பள்ளிக்கூடங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்தப் பெண்ணின் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

ஒன்றுமே செய்யாத பெண்ணுக்கு இத்தனை பெருமை எப்படி வந்தது?

ஒரு கிண்ணம் தண்ணீர்

இதற்கு விடை தேடினால் முதலில் சுவிசேஷத்துக்குத்தான் போகவேண்டும். சின்னக் காரியங்களைக் கூர்ந்து பார்க்கும் கண் இயேசுநாதருக்கு இருந்தது. தம் சீடன் என்பதற்காக ஒருவனுக்கு ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பவன்கூட அதற்குரிய பலனை இழக்கமாட்டான் என்றார். பாலைவனம் அடுத்த அந்தத் தேசத்தில் தண்ணீரின் அருமை தெரியாதவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒரு கிண்ணம் தண்ணீருக்கு என்ன விலை? கொடுக்க முடியாத ஏழை எவன்? அதனால்தான் அவர் அதைச் சொன்னார் போலும்.

ஜெருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டியருகே அவர் உட்கார்ந்திருந்தபோது, பணக்காரர்கள் பை பையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஏழை விதவை ஒருத்தி வந்து இரண்டே இரண்டு செப்புக் காசுகளைப் போட்டாள். அவ்விரண்டும் சேர்ந்து, அந்நாளையக் கூலியாளின் ஒரு நாள் சம்பளத்தில் 64ல் ஒரு பங்குதான் பெறும். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் அவளே என்று அவர் கணக்குச் சொன்னார். மற்றவர்கள் மிச்சத்திலிருந்து கொடுத்தார்கள். அவள் தன் பிழைப்பையே கொடுத்தாள்.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய சமாரியனின் கதை எல்லாருக்கும் தெரியும். அவன் செய்ததைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டுப் போட்டான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், இரண்டு நாள் கூலியைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். இதில் ஒன்றாவது நம்மால் ஆகாத காரியம் உண்டா?

யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்று ஒரு பெண்மணி இருந்தார். அவர் பிரசங்கம் செய்ததாக வேதாகமத்தில் இல்லை. தையல் தைத்ததாகத்தான் இருக்கிறது. அவர் இறந்துபோன செய்தி கேட்டுப் பேதுரு வந்தபோது, ஊரிலிருந்த விதவைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, தபீத்தாள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடைகளைக் காட்டிக் காட்டி அழுதார்களாம்.

கடைசித் தீர்ப்பு நாளைப் பற்றி இயேசுநாதர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் விசேஷம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், உடுக்கத் துணி, நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஆகியவை பற்றித்தான். இந்த எளியவர்களுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் எடுத்துக்கொள்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செய்தவர்களுக்கும் அது தெரியவில்லை; செய்யாமல் விட்டவர்களுக்கும் தெரியவில்லை. இரு சாராருமே, எப்போது உம்மைப் பார்த்தோம் என்று திகைத்துப் போகிறார்கள்! சின்னக் காரியம் என்பதே அப்படித்தான். செய்தாலும் மறந்துபோகும், செய்யாவிட்டாலும் மறந்துபோகும்.

கடைக்குட்டியின் கண்ணீர்

தெரேஸ் 1873 ஜனவரி 2ஆம் தேதி அலான்ஸோன் என்ற ஊரில் பிறந்தாள். தகப்பனார் லூயி மார்த்தேன் கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் ஸேலி, அவ்வூருக்குப் பேர்போன லேஸ் பின்னலில் கைதேர்ந்தவர். பெண்களை வேலைக்கு வைத்துச் சொந்தமாகவே தொழில் நடத்தினார். ஒன்பது குழந்தைகள் பிறந்து நான்கு சிறு வயதிலேயே போய்விட்டன. மிஞ்சிய ஐந்து பெண்களில் கடைக்குட்டி தெரேஸ். அவளுக்கு நாலரை வயதாயிருக்கும்போது தாயார் மார்பகப் புற்றுநோயால் காலமானார்.

தாயில்லாக் குழந்தையென்று தகப்பனாரும் அக்காமார்களும் செல்லமாக வளர்த்தார்கள். தொட்டதற்கெல்லாம் அழுகை! அழுது முடிந்ததும், அழுதுவிட்டோமே என்று மறுபடியும் அழுகை!

1886ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் இரவு. நடுநிசிப் பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பினார்கள். கணப்பு அடுப்பருகே குழந்தைகளின் ஜோடுகளை வைத்து, அவற்றில் பரிசுகளை நிரப்புவது அத்தேசத்து வழக்கம். தெரேஸுக்கு 14 வயது நிறைய ஒரு வாரம்தான் இருந்தது. ஆனாலும் கடைக்குட்டி என்பதால் அந்த வழக்கம் நின்றபாடில்லை. அன்று தகப்பனாருக்குக் களைப்பு. ஜோடுகளைப் பார்த்ததும், நல்லவேளை, இந்த வருஷத்தோடாவது இது முடிந்துவிடும் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரேஸின் காதில் அது விழுந்துவிட்டது.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அக்காள் செலின் அதைப் பார்த்துவிட்டு, இப்போது கீழே போகாதே, அழுதுவிடுவாய் என்று தடுத்தாள். தெரேஸ் ஒரு கணம் நின்றாள். பிறகு கண்ணீரை விழுங்கிக்கொண்டு விடுவிடென்று இறங்கி வந்தாள். ஒன்றுமே கேளாதவள்போலப் பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குதூகலித்தாள். தகப்பனாரின் சலிப்பும் பறந்துவிட்டது, அவரும் சிரித்தார்.

தம் வாழ்க்கையையே மாற்றிய இரவு அதுதான் என்று பிற்காலத்தில் தெரேஸ் எழுதினார். அன்றைக்கு வானத்தில் ஜோதி தோன்றவில்லை, அசரீரி கேட்கவில்லை. களைத்துப்போன ஒரு தகப்பனாரின் கிறிஸ்துமஸைத் தன் அழுகையால் கெடுக்கவேண்டாம் என்று ஒரு பெண் தீர்மானித்தாள். நடந்தது அது ஒன்றுதான்.

மடமும் ஒரு கூட்டுக் குடும்பமே

1888 ஏப்ரல் 9ஆம் தேதி தெரேஸ் மடத்தில் சேர்ந்தார். மடம் என்றால் சாந்தி தவழும், தேவகானம் ஒலிக்கும் என்றெல்லாம் நாம் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருந்தவர்கள் ஏறக்குறைய 25 பெண்கள். வெவ்வேறு வயது, வெவ்வேறு சுபாவம். வெளியே போக அனுமதி கிடையாது. குளிர்காலத்தில் ஒரே ஓர் அறைக்குத்தான் கணப்பு. நாளின் பெரும்பகுதி மௌனம். இன்று பிடிக்காத முகத்தை நாளையும் பார்க்கவேண்டும், சாகும்வரை பார்க்கவேண்டும். மாமியார், நாத்தனார், ஓர்ப்படி என்று ஒரே கூடத்தில் வாழ்ந்து பழகிய நம் பெண்மணிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை!

அங்கே வயோதிக சகோதரி ஒருவர் இருந்தார். கால் விளங்காது, வலி அதிகம், ஆகவே கோபமும் அதிகம். மாலை ஜெபத்தின்போது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் யாராவது எழுந்து அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவரைத் திருப்தி செய்ய ஒருவராலும் ஆகாது என்று பெயர். அந்த வேலையைத் தெரேஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேரம் வந்ததும் கிழவியார் மணற்கடிகாரத்தை ஆட்டுவார். புறப்படு என்று அதற்கு அர்த்தம். நாற்காலியை ஒரு குறிப்பிட்ட மாதிரியாகத்தான் தூக்கவேண்டும். பின்னாலிருந்து இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும். கொஞ்சம் எட்டி நடந்தால், என்னைத் தள்ளிவிடப் பார்க்கிறாய் என்பார். மெதுவாக நடந்தால், உன் கை எங்கே, விழப்போகிறேன் என்பார். இத்தனை சின்னப் பெண்ணை நம்பி வந்தேனே என்று அலுத்துக்கொள்வார். ஒருவழியாக உட்கார வைத்து, அவர் சொல்கிற பிரகாரம் சட்டைக் கையை மடித்துவிட்டால் அன்றைய வேலை தீர்ந்தது.

சில நாட்களில் தெரேஸ் ஒன்றைக் கவனித்தார். கிழவியாரின் கைகள் முடங்கியிருந்ததால் ரொட்டியை நறுக்க அவர் படாத பாடு பட்டார். அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அன்று முதல் தெரேஸ் ரொட்டியை நறுக்கி வைத்துவிட்டு, கிளம்புமுன் ஒரு புன்னகையும் செய்துவிட்டுப் போனார். கிழவியாரின் மனம் அதில்தான் கரைந்தது. கேட்டுப் பெற்ற உதவியைவிட, கேளாமல் வந்த அந்த ரொட்டித் துண்டுகள் அவருக்குப் பெரிதாகப் பட்டன.

குளிர்காலத்து மாலை ஒன்றில் இப்படி அவரைத் தாங்கிக்கொண்டு இருண்ட நடையில் போகும்போது, எங்கோ தூரத்தில் வாத்திய சங்கீதம் கேட்டது. தெரேஸுக்கு உடனே ஒரு காட்சி தோன்றியது. தீபங்கள் ஜொலிக்கும் மாளிகை, பட்டு உடுத்திய யுவதிகள், உபசார வார்த்தைகள். தம் பக்கத்திலோ முனகும் ஒரு நோயாளி, மங்கிய வெளிச்சம், கல் சுவர். அந்த மாளிகையில் ஆயிரம் வருஷம் கொண்டாடுவதற்காக, இந்தப் பத்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தோன்றியதாம்.

மற்றவை இன்னும் அற்பமானவை. துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளை அடித்துத் துவைக்கும்போது அழுக்குத் தண்ணீர் தெரேஸின் முகத்தில் தெறிக்கும். பின்வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டால் அவருக்குப் புரிந்திருக்கும், ஆனால் சங்கடப்பட்டிருப்பார். தெரேஸ் நின்ற இடத்திலேயே நின்றார். ஜெப நேரத்தில் பின்னால் ஒருவர் ஓயாமல் ஏதோ கரகரவென்று சத்தம் செய்வார். கிளிஞ்சல்கள் இரண்டை ஒன்றோடொன்று தேய்ப்பதுபோல இருக்கும். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றுவிடும். தெரேஸுக்கு வியர்த்துக் கொட்டியது; திரும்பவில்லை. தப்ப வழியில்லை என்று கண்டதும், அதையே ஒரு சங்கீதக் கச்சேரியாகப் பாவித்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்! அறையிலிருந்த அழகான சிறு கூஜாவை யாரோ எடுத்துக்கொண்டு, விளிம்பு உடைந்த பெரிய கூஜாவை வைத்துவிட்டார்கள், பேசாதிருந்தார்.

இப்படிப்பட்ட வாழ்வுக்கு அதே கார்மேல் சபையில் முன்மாதிரி உண்டு. பாரிஸ் மடத்தில் 17ஆம் நூற்றாண்டில் லாரன்ஸ் சகோதரர் என்று ஒருவர் இருந்தார். முன்பு போர்வீரர், காலில் காயம்பட்டவர். 1640ல் மடத்தில் சேர்ந்த அவரைச் சமையலறைக்கு அனுப்பினார்கள். சமையல் என்றாலே அவருக்கு வெறுப்பு. ஆனாலும் வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுளுக்காகவே செய்கிறேன் என்று பழகிக்கொண்டார். ஜெப நேரத்துக்கும் பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்யும் நேரத்துக்கும் தமக்கு வித்தியாசமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய சம்பாஷணைகளையும் கடிதங்களையும் ஜனங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டாலே பிடிக்காதவர்

நோயாளிக்கு உதவுவதாவது இரக்கத்தால் முடியும். காரணமே இல்லாமல் ஒருவரைக் கண்டால் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது? தெரேஸுக்கு அப்படியும் ஒருவர் வாய்த்தார். அந்தச் சகோதரியின் பேச்சு, நடை, சுபாவம் எல்லாமே அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்பு என்பது மனத்தில் தோன்றும் உணர்ச்சி மட்டும் என்றால், இங்கே தெரேஸ் தோற்றுப்போயிருக்க வேண்டியதுதான். அவரோ அதைச் செய்கையில் காட்டலாம் என்று முடிவு செய்தார். மிகவும் நேசிக்கிற ஒருவருக்கு எதைச் செய்வாரோ, அதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் செய்தார். பார்க்கும்போதெல்லாம் அவருக்காக ஜெபித்தார். சுருக்கென்று பதில் சொல்ல நாக்கு துடித்தபோது, புன்னகை செய்து பேச்சை மாற்றினார். கடைசியில் ஒரு நாள் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் அப்படி என்ன கண்டாய், என்னைப் பார்த்தாலே உன் முகம் மலர்கிறதே என்று கேட்டாராம்!

எல்லா நேரத்திலும் இப்படி ஜெயித்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு முறை நோயாயிருந்த தலைவியாரின் அறையில் சாவிகளைத் திருப்பி வைக்கப் போனார். தலைவியார் விழித்துக்கொள்வார் என்று இன்னொரு சகோதரி தடுத்தார். இந்தச் சச்சரவிலேயே தலைவியார் விழித்துக்கொண்டார். பழியோ தெரேஸின் மேல் விழுந்தது. தம் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்கினால் சாந்தம் போய்விடும் என்று தெரேஸுக்குத் தெரிந்தது. என்ன செய்தார் தெரியுமா? ஓட்டம் பிடித்தார்! இருதயம் படபடக்க, அதிக தூரம் போகமுடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பொறுக்க முடியாத இடத்தில் ஓடிப்போவதும் ஓர் உபாயம்தான் என்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். இந்தச் சம்பவம் நமக்கெல்லாம் எவ்வளவு ஆறுதல்!

பொறுமை யாருக்கு?

இங்கே ஒரு கேள்வி எழும். பொறுத்துப்போ, சிரித்துக்கொள் என்று காலங்காலமாகப் பெண்களுக்குத்தானே உபதேசிக்கிறார்கள்? இதுவும் அந்தப் பழைய பாட்டுதானா என்று சகோதரி ஒருத்தி கேட்கலாம். நியாயமான கேள்வி.

தெரேஸ் வாயில்லாப் பூச்சியல்ல. மடத்தில் சேர வயது போதாது என்று எல்லாரும் தடுத்தபோது, 1887 நவம்பரில் தகப்பனாரோடு ரோமாபுரி போனார். போப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் முன்னிலையில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று யாத்திரிகர்களுக்குக் கட்டளை. 14 வயதுப் பெண் அவர் பாதத்தருகே மண்டியிட்டுத் தன் மனுவைச் சொல்லிவிட்டாள்! காவலர்கள் வந்து தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று. பேசவேண்டிய இடத்தில் அவருக்குப் பேசத் தெரியும். மடத்தில் அவர் செய்த சின்ன அன்புகள் பயத்தால் வந்தவை அல்ல; தாமாகத் தேர்ந்துகொண்டவை. அன்பை நாம் கொடுக்கலாம். மற்றவரிடமிருந்து உரிமையோடு கறந்துகொண்டால் அதற்கு வேறு பெயர். மருமகளின் பொறுமையை மெச்சுகிற வீடு, அவளுக்காக ஒரு ரொட்டியாவது நறுக்கி வைத்ததா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். லாரன்ஸ் சகோதரரும் சமாரியனும் ஆண்பிள்ளைகள் என்பதை மறக்கவேண்டாம்!

இருட்டில் ஒரு சிரிப்பு

1896 ஏப்ரல் மாதம், பெரிய வியாழன் இரவு. தெரேஸ் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்ததும் தொண்டையில் ஏதோ பொங்கி வந்தது. விளக்கேற்றிப் பார்க்கவில்லை. விடிந்ததும் பார்த்தார். கைக்குட்டையெல்லாம் ரத்தம்.

உடம்பின் நோயைவிடப் பெரிய நோய் அந்த ஈஸ்டர் காலத்தில்தான் ஆரம்பித்தது. மோட்சம் ஒன்று உண்டா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கனத்த மூடுபனிக்குள் அகப்பட்டவர்போல் தவித்தார். கடவுள் இல்லை என்பவர்களின் பந்தியில் தாமும் உட்கார்ந்திருப்பதாக எண்ணினார். இந்த இருட்டு சாகும்வரை முற்றிலும் விலகவில்லை. சுற்றியிருந்தவர்களோ, இந்தப் பெண்ணுக்கு என்ன கவலை, எப்போதும் சிரித்த முகம் என்று நினைத்தார்கள்.

அவருடைய சின்னக் காரியங்களின் கனம் இங்கேதான் தெரிகிறது. விசுவாசம் இனித்தபோது புன்னகை செய்வது சுலபம். ஒன்றுமே தெரியாத இருட்டிலும் அவர் ஒருவருக்கு வழிவிட்டார். ஒருவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார். நம்பிக்கையை உணர முடியாதபோது, கைகளால் அதைச் செய்துகொண்டிருந்தார்.

1897 ஜூனில், தலைவியாரின் கட்டளைப்படி தோட்டத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் எழுதிக்கொண்டிருப்பார். அன்பைப் பற்றித்தான் எழுத்து. பத்து வரி எழுதுமுன் யாராவது ஒரு சகோதரி வந்துவிடுவார். நோயாளிக்குப் பேச்சுத் துணை என்று நினைப்பு! ஒருவர் போனால் இன்னொருவர். அன்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அன்பு காட்டுகிறேன் என்று வந்து எழுதவிடாமல் செய்கிறார்களே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. பேனாவை வைத்துவிட்டு முகமலர்ச்சியோடு பேசுவார். அந்த வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி மாலை அவர் உயிர் பிரிந்தது.

2,000 பிரதிகள்

அக்காள் போலின் மடத்துத் தலைவியாக இருந்தபோது, பிள்ளைப்பிராய நினைவுகளை எழுதச் சொல்லியிருந்தார். சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தெரேஸ் எழுதியவையும், பின்னால் எழுதியவையும் சேர்ந்து, 1898 செப்டம்பர் 30ஆம் தேதி 'ஓர் ஆன்மாவின் கதை' என்ற புத்தகமாயின. அச்சிட்டவை 2,000 பிரதிகள். அவை கைமாறிக் கைமாறி, பாஷைக்குப் பாஷை தாவி, முதல் உலக மகாயுத்தத்தில் பதுங்கு குழியிலிருந்த சிப்பாய்களின் சட்டைப்பைகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. 13 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்ட அவரை, 1997 அக்டோபரில் போப்பரசர் இரண்டாம் ஜான் பால் 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்று அறிவித்தார். பெண்களில் அந்தப் பட்டம் பெற்ற மூன்றாமவர் அவர். 2015ல் அவருடைய தாய் தந்தையர் இருவரும் ஒரே நாளில் புனிதர்களாக்கப்பட்டார்கள்.

எல்லாரும் அவரை உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. அமெரிக்காவில் டோரதி டே என்ற பத்திரிகையாளர் இருந்தார். தொழிலாளர் போராட்டம், ஏழைகளின் பசி என்று கொதித்த உள்ளம். 1928ல் பாதிரியார் ஒருவர் 'ஓர் ஆன்மாவின் கதை'யைக் கொடுத்தபோது, இதென்ன சப்பென்ற குழந்தைத்தனம் என்று அவருக்குத் தோன்றியது. உலகம் பற்றி எரிகையில் அழுக்குத் தண்ணீரும் ரொட்டித் துண்டுமா?

1933 மே மாதம் முதல் தேதி அவர் ஒரு காசு விலையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். வேலையில்லாதவர்களுக்கு உணவும் படுக்க இடமும் கொடுக்கும் வீடுகளையும் அதன்பின் திறந்தார். வாசலில் நீண்ட வரிசை. ஒவ்வொரு நாளும் கஞ்சி காய்ச்சி, ரொட்டி நறுக்கி, நாற்றமடிப்பவரோடும் வசை பாடுபவரோடும் ஒரே வீட்டில் வாழ்ந்தபோதுதான் தெரேஸின் அருமை அவருக்குப் புரிந்தது. 1960ல் தெரேஸைப் பற்றி அவரே ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். சிறு வழியைப் பிடித்ததால் பெரிய போராட்டங்களை அவர் விட்டுவிடவில்லை. 1973ல், 75வது வயதில், பண்ணைத் தொழிலாளருக்காகச் சிறை சென்றார்.

ஸ்கோப்யே நகரத்தில் 1910ல் பிறந்த இன்னொரு பெண், கன்னிகையானபோது லிஸியே தெரேஸின் பெயரையே தேர்ந்துகொண்டார். அவர் சபையில் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால், எழுத்தை மட்டும் ஸ்பானிய முறையில் வைத்துக்கொண்டார். அவர்தான் அன்னை தெரேசா. பெரிய காரியங்களைச் செய்ய எல்லாராலும் முடியாது, சின்னக் காரியத்தை மிகுந்த அன்போடு செய்யலாம் என்பதே அவர் சொல்லி வந்ததன் சாரம். அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் 2007ல் வெளியானபோது, அவரும் நெடுங்காலம் அதே இருட்டில் நடந்தவர் என்று உலகம் அறிந்தது.

நம் வீட்டுக்குள்ளே

கிறிஸ்தவரல்லாத வாசகிகளுக்கும் இந்தச் சரித்திரத்தில் எடுத்துக்கொள்ள எவ்வளவோ உண்டு. பெரிய தர்மத்துக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும், ஆள் அம்பு வேண்டும். சின்ன அன்புக்கு வேண்டியது கவனம் ஒன்றுதான். கவனம்தான் இந்நாளில் அருமையாகிவிட்டது. கையில் செல்போனை வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் சொல்வதற்கெல்லாம் உம் கொட்டுகிற காலம் இது.

நம் வீடுகளிலும் முடங்கிய கைகள் உண்டு. கண்ணாடி எங்கே என்று பத்தாவது தடவை கேட்கிற மாமனார். சொன்ன கதையையே சொல்கிற பாட்டி. பரீட்சையில் மார்க்குக் குறைந்து, சாப்பிடாமல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. மூன்றாம் மாடி ஏறி வந்து பொட்டலத்தை நீட்டிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொள்கிற பையன். அவனுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்?

எல்லாரையும்விடக் கஷ்டம், கண்டால் பிடிக்காத அந்த ஒருவர்தான். எதிர் வீட்டிலோ, அலுவலகத்தில் அடுத்த மேஜையிலோ, நம் வீட்டுக் கூடத்திலோ அவர் இருக்கத்தான் இருப்பார். நாளைக் காலை அவரைப் பார்க்கும்போது, முதல் வார்த்தையை நாமே நல்ல வார்த்தையாகப் பேசிப் பார்க்கலாம். முடியாவிட்டாலும் பாதகமில்லை. மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுநாள் மறுபடியும் முயன்று பார்ப்போம்.